எட்டுத் தட்டு சும்மா இருந்தது

மார்கழி மாதம் பேண்டு செட்டுக்காரனுக்குப் பட்டினி மாதம். முகூர்த்தம் கிடையாது, நிச்சயதார்த்தம் கிடையாது, கடை திறப்பு விழாகூடத் தைக்குத் தள்ளிப்போகும். சித்தூரில் எங்கள் செட்டு அந்த மாதம் முழுக்கக் கருவிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, துணி சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும். ரேணிகுண்டாவுக்குப் போய் இங்கிலீஷ் நோட்டு வாசித்ததைப் பற்றிப் பிற்பாடு என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ பெரிய கலை ஆர்வத்தால் போனோம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆர்வமும் இல்லை, ஒன்றும் இல்லை. மார்கழியில் வேலை இல்லை, போனோம்.

எங்கள் செட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. கையில் என்ன இருக்கிறதோ அதுதான் பெயர். நான் கிளாரினெட். எனக்குப் பக்கத்தில் நடப்பவர் டிரம்மு. அவர் தவில்காரக் குடும்பத்தில் பிறந்து, தவிலைத் தம்பிக்கு விட்டுவிட்டுச் சைடு டிரம் மாட்டிக்கொண்டவர். எங்களை நடத்தியவர் மாஸ்டர். நகரிக்காரர், நெசவுக் குடும்பம், யுத்த காலத்தில் பட்டாளத்து பேண்டில் இருந்து வந்தவர். சாப்பிட உட்கார்ந்தாலும் முதுகு வளையாது. நான் முதுகை வளைத்து உட்கார்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆந்திரா தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எல்லை மட்டும் முடிவாகவில்லை. நகரி, புத்தூர், திருத்தணி எங்கே போனாலும் ஒரு சுவரில் சென்னையோடு சேர் என்று எழுதியிருக்கும், எதிர்ச்சுவரில் அதற்குப் பதில் தெலுங்கில் இருக்கும். இரண்டு கட்சிக்காரர்களும் ஊர்வலத்துக்கு எங்களைத்தான் கூப்பிட்டார்கள். வெயிலில் நடந்துகொண்டே வாசிக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. ஒரு நாள் புத்தூரில் காலையில் ஒரு கட்சிக்கும் சாயங்காலம் மறு கட்சிக்கும் ஒரே மார்ச்சை வாசித்தோம். எனக்குக் கூச்சமாக இருந்தது. மாஸ்டரிடம் சொன்னேன்.

"நமக்கு இன்னாய்யா. காலையில இவங்க நடந்தாங்க, இப்ப அவங்க நடக்கறாங்க. நடக்கறவங்களுக்கு மார்ச்சு" என்றார்.

பிறகு திருத்தணி சென்னைப் பக்கம் போனது, மாஸ்டரின் நகரி ஆந்திராவிலேயே நின்றது. அதற்கும் எங்கள் வாசிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி நீ எந்தப் பக்கம் என்பதுதான். அப்படிக் கேட்காத ஒரே ஆளாகத்தான் ஒரு ரயில் டிரைவர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை. மே மாத வெயில். வேஷம் கட்டியவர்கள் சந்து முழுக்க நிற்கிறார்கள், கூட்டம் நகரவில்லை. நாங்கள் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறோம். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதே அடியை எத்தனை தரம் வாசிப்பது? பாட்டை மற்றவர்களிடம் விட்டுவிட்டு நான் மேல் ஸ்வரங்களில் ஏறிக் கொஞ்சம் சுற்றிவிட்டு, அடி முடிகிற இடத்தில் வந்து சேர்ந்துகொண்டேன். பிறகு இன்னொரு தினுசாகச் சுற்றினேன். கூட்டம் நகர்ந்ததும் நிறுத்திவிட்டு நீர்மோர் குடிக்க ஒதுங்கினேன். அங்கே காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒரு ஆங்கிலோ இந்தியர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது.

"அந்தப் பாட்டுல மேல போய் சுத்திட்டு வந்தியே மேன், அது யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். இன்ஜினில் கரி தள்ளும் பயர்மேன்களிடம் கற்றுக்கொண்ட தமிழ். எங்களுடைய தமிழைவிடக் கரடுமுரடாக இருந்தது.

"யாரும் சொல்லிக் குடுக்கல. கூட்டம் நகரல, போரடிச்சுது."

"அதுக்குப் பேரு ஜாஸ்."

அதற்கு ஒரு பெயர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சரி என்று சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் மோர் கேட்டேன். அவர் போகவில்லை. தான் ரேணிகுண்டா ஷெட்டில் இன்ஜின் டிரைவர் என்றும், தானும் டிரம்பெட் வாசிப்பதாகவும் சொன்னார். அங்கே ரயில்வேக்காரர்களுக்கு ஒரு கிளப் இருந்தது. இன்ஸ்டிட்யூட் என்பார்கள். வருஷப் பிறப்பன்று மத்தியானம் குடும்பம் குடும்பமாக வந்து டான்ஸ் ஆடுவார்களாம். அதற்கு வாசிக்க ஒரு செட்டு இருந்ததாம். ஆனால் அவர்களில் பாதிப் பேர் கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மிஞ்சியது அவருடைய டிரம்பெட்டும் அவர் மனைவியின் பியானோவும்.

மாஸ்டர் வந்து பேச்சில் சேர்ந்துகொண்டார். வருஷப் பிறப்பு என்றால் ஜனவரி ஒண்ணாந்தேதி, மார்கழி, முகூர்த்தம் இல்லை என்று கணக்குப் போட்டவுடன் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அந்த டிரைவர் எங்களுக்குத் தொரை. அவருக்கு அது பிடிக்காது. "தொரைன்னு கூப்டாத மேன், தொரைங்கள்லாம் கப்பல் ஏறிட்டாங்க, நான் டிரைவர்" என்பார். நாங்கள் மாற்றிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒத்திகைக்குப் போனோம். சித்தூரிலிருந்து பாகாலா வழியாக வண்டி. என் பெண்சாதிக்கு ஆத்திரம். "கல்யாணத்துக்குப் போனாலும் சோறு துன்னுட்டு வர. அங்க போய் இன்னாத்த துன்னுக்கினு வர, பிஸ்கோத்தா?" என்பாள். பிஸ்கோத்துத்தான். கூடவே பால் குறைவான டீ. அவளிடம் அதைச் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று பேசாமல் இருந்துவிடுவேன்.

இன்ஸ்டிட்யூட்டில் மரத்தரை. ஆடுவதற்காக மெழுகு தேய்த்து வைத்திருப்பார்கள். முதல் நாளே டிரம்மு வழுக்கி விழுந்து, டிரம்மைக் காப்பாற்றி, முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். பியானோவில் தொரையின் மனைவி. அவரைத் தொரைசானி என்றோம். குட்டையான, பருமனான அம்மாள். சந்தையில் கத்தரிக்காய் பேரம் பேசும் அளவுக்குத் தெலுங்கும் தமிழும் தெரிந்தவர். விஷயத்தை எங்களிடம் சொன்னது அவர்தான். தொரை முகம் கழுவப் போயிருந்த நேரத்தில் டீயை நீட்டிக்கொண்டே, காய்கறி விலை சொல்வது போலச் சொன்னார்.

"அவருக்கு முன்பல்லு எல்லாம் ஆடுது. ஈறுல சீழ். எல்லாத்தையும் எடுத்துடணும்னு ரயில்வே டாக்டர் சொல்லிட்டாரு. வருஷப் பிறப்பு ஆகட்டும்னு இவருதான் தள்ளிப் போட்டுக்கினு கீறாரு."

எனக்கு உடனே புரிந்தது. உதட்டை வைத்து ஊதுகிறவனுக்கு முன்பல்தான் சுவர். சுவர் போனால் உதடு எதன் மேல் சாய்ந்து நிற்கும்? பல் கட்டிக்கொண்டு வாசிப்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தொரைசானி இன்னொன்றும் சொன்னார். பழைய செட்டில் தொரை எப்போதும் இரண்டாவது ஆள்தானாம். முன்னால் நின்று வாசித்தவர் வேறு ஒருவர், இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். இந்த மாதிரிப் பாட்டுகளில் ஓரிடத்தில் செட்டு முழுக்க நின்றுவிடும். தாளத்தில் எட்டுத் தட்டு நேரம். அந்த எட்டுத் தட்டில் ஒருவர் மட்டும் தன் மனசுக்குத் தோன்றியதை வாசிப்பார். எட்டு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அந்த இடம் அத்தனை வருஷமும் அந்த முதல் ஆளுக்குத்தான் கிடைத்தது. தொரை பின்னால் நின்று தாங்கிக் கொடுத்தவர். இப்போது தொரை முன்னுக்கு வந்துவிட்டார், பல் போகப்போகிறது. கொஞ்ச மாதத்தில் இன்னும் சில குடும்பங்கள் கப்பலேறப் போகின்றன. எல்லோரும் கூடியிருக்கிற கடைசி டான்ஸ் அதுதான். அதில் அந்த எட்டுத் தட்டை ஒரு தரம், தன் ஜனங்களின் முன்னால் தனியாக வாசித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

சின்ன ஆசை. எங்களால்தான் அதைக் கொடுக்க முடியவில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பாட்டு கஷ்டமே இல்லை. தொரை கிராமபோனில் போட்டுக் காட்டினார், இரண்டு தரம் கேட்டதும் எங்களுக்குப் பாடமாகிவிட்டது. அந்த இடம் வந்தது. தொரை கையை உயர்த்தினார். எல்லோரும் நிறுத்தினோம். அவர் டிரம்பெட்டை உயர்த்தி ஊத ஆரம்பித்தார். உடனே டிரம்மு அடியில் மெதுவாக உருட்ட ஆரம்பித்தார். அது கேட்டதும் அடிக்குரலில் ஊதும் யூபோனியம் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டது. நான் தொரையின் பாட்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். நாங்கள் யாரும் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது.

தொரை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். "இன்னா மேன், காது இல்லையா? நிறுத்துன்னா நிறுத்தணும்."

மறுபடி. மறுபடியும் அதேதான்.

எங்கள் பிழைப்பு அப்படி. தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளம் நடுவில் அறுந்தால் பெண் வீட்டார் எங்களை உயிரோடு விடமாட்டார்கள். யாராவது தும்மினால் அது காதில் விழக்கூடாது, யாராவது வாய் தவறி ஏதாவது சொன்னால் அது காதில் விழக்கூடாது. சத்தம் நிற்கவே கூடாது. ஒருவர் மூச்சு வாங்க நிறுத்தினால் பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். அதற்குத் தாங்குவது என்று பெயர். ஒருவரை வாசிக்கவிட்டு மற்றவர்கள் கை கட்டிக்கொண்டு நிற்பது எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு சமயத்தில்தான் நடக்கும். செட்டுக்குள் தகராறு வந்து, அந்த ஆளைச் சபையில் அவமானப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்தால்.

டிரம்மு இதைத் தொரையிடம் விளக்கப் பார்த்தார். "கோச்சிக்காதீங்க தொரை. நீங்க ஒத்தையா வாசிச்சுக்கினு கீறீங்க, நாங்க பாத்துக்கினு நின்னா ஜனங்க இன்னா நெனைப்பாங்க? வீள்ளகி கொடவன்னு நெனைப்பாங்க." ஆத்திரமோ பயமோ வந்தால் அவருக்குத் தெலுங்கு வந்துவிடும். இவங்களுக்குள்ள சண்டை என்று அர்த்தம்.

"சண்டை இல்ல மேன். மரியாதை அது. ஒருத்தனுக்கு எடம் குடுக்கறது."

"எங்க ஊர்ல மரியாதைன்னா கூட நிக்கறது."

தொரைசானி பியானோவில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

இப்படியே ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு ஞாயிறு டிரம்மு அடக்கிக்கொண்டால் யூபோனியம் உளறும். யூபோனியம் அடங்கினால் நான். நான் அடங்குவேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. தொரையின் வாசிப்பு அந்த இடத்தில் மெலிந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் தடுமாறப்போகிறார் என்று காதுக்குத் தெரியும்போது விரல் நிற்காது. அவர் கத்துவார். ஒரு தரம் தொப்பியைத் தரையில் அடித்தார். ஒரு ஞாயிறு புத்தூர்ப் பக்கம் எல்லைக் கலாட்டாவில் வண்டியை மறித்துவிட்டார்கள், நகரியிலிருந்து மாஸ்டர் வர முடியவில்லை. அவர் இல்லாத அன்று நாங்கள் வாசித்த வாசிப்புக்கு நாங்களே காதைப் பொத்திக்கொள்ளலாம் போலிருந்தது. எட்டுத் தட்டிலும் எட்டுப் பேரும் வாசித்தோம்.

அடுத்த வாரம் மாஸ்டர் வந்து பட்டாளத்து வைத்தியம் செய்தார். தொரை கை உயர்த்தியதும் ஊதுகிறவர்கள் எல்லோரும் கருவியை வாயிலிருந்து எடுத்து மடியில் படுக்க வைக்க வேண்டும். டிரம்மு இரண்டு குச்சியையும் இடது அக்குளில் சொருகிக்கொள்ள வேண்டும். தொரைசானிகூடக் கையைப் பியானோவிலிருந்து எடுத்துவிட வேண்டும். எட்டு எண்ண வேண்டும். ஏழாவது தட்டில் கருவி வாய்க்கு வர வேண்டும், குச்சி கைக்கு வர வேண்டும். கண் தரையில். யாரும் தொரையைப் பார்க்கக் கூடாது.

"அவரு இன்னா வாசிக்கறாருன்னு காதுல வாங்காதீங்க. எண்ணிக்கைய மட்டும் பாருங்க. வீடு பத்திக்கினு எரிஞ்சாலும் எட்டு முடிஞ்சாத்தான் தண்ணி" என்றார் மாஸ்டர்.

அது வேலை செய்தது. கருவி மடியில் கிடந்தால் ஆசை இருந்தாலும் அவசரத்துக்கு எடுக்க முடியாது. முதல் தரம் சரியாக நின்றபோது அந்த ஹாலில் தொரையின் டிரம்பெட் மட்டும் கேட்டது. கேட்கவே பயமாக இருந்தது. முடித்ததும் அவர் திரும்பி எங்கள் ஒவ்வொருவரையும் பார்த்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பழக்கம் எவ்வளவு ஊறிவிட்டது என்றால், கார்த்திகைக் கடைசி முகூர்த்தத்தில் சித்தூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் சித்தப்பா ஏதோ காரணத்துக்குக் கையை உயர்த்தினார். டிரம்மு வாசித்துக்கொண்டிருந்த குச்சிகளை எடுத்து அக்குளில் சொருகிக்கொண்டார். நல்லவேளை, அது நலங்கு. தாலி கட்டுகிற நேரமாக இருந்தால் அன்றே எங்கள் செட்டைக் கலைத்திருப்பார்கள்.

ஜனவரி ஒண்ணாந்தேதி. மத்தியானம் மூன்று மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. காகிதத் தோரணம், ரப்பர் பலூன், கேக் வாசனை. பெண்கள் பளபளவென்று கவுன் போட்டிருந்தார்கள். ஆண்கள் கோட்டு. நாங்கள் ஜரிகை வைத்த எங்கள் சிவப்பு யூனிபார்மில் இருந்தோம். கல்யாண ஊர்வலம் வழி தவறி உள்ளே வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் முதல் பாட்டிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஆடுகிறவனுக்குத் தாளம் சரியாக இருந்தால் போதும். அது எங்களிடம் இருந்தது.

தொரை அன்று முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் சட்டை போட்டிருந்தார். ஒவ்வொரு பாட்டிலும் பார்த்துப் பார்த்துக் குறைவாக வாசித்தார், உதட்டைச் சேமிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மேல் ஸ்வரம் வருகிற இடங்களை என்னிடம் கண்ணைக் காட்டித் தள்ளிவிட்டார். நான் எடுத்துக்கொண்டேன். அதெல்லாம் எங்களுக்குக் கை வந்த வேலை.

பிறகு அந்தப் பாட்டு. அதில் அந்த இடம் இரண்டு தரம் வரும், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று.

முதல் தரம் தொரை கை உயர்ந்தது. கருவிகள் மடிக்கு வந்தன. குச்சி அக்குளுக்குப் போனது. ஆடியவர்களின் கால் சத்தம் மட்டும் இருந்தது. அதன் மேல் அவர் வாசித்தார். நான் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டியவன், மாஸ்டரின் கட்டளையை மீறிக் காதில் வாங்கிவிட்டேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டே வாக்கியம் பேசியது போலத்தான் இருந்தது. ஆனால் அத்தனை வருஷம் பின்னால் நின்ற ஒருவர் முதன்முதலாகத் தன் குரலில் பேசுகிறார் என்று கேட்டவுடனே தெரிந்தது. எட்டு முடிந்ததும் நாங்கள் சேர்ந்தோம். ஜனங்கள் ஆடிக்கொண்டே கை தட்டினார்கள். மூலையில் ஒரு கிழவர் ஊன்றுகோலால் தரையைத் தட்டினார். தொரையின் காது சிவந்துவிட்டது.

கடைசித் தரம். கை உயர்ந்தது. நாங்கள் நிறுத்தினோம்.

டிரம்பெட்டில் சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. நான் தலையைத் தூக்கினேன். அவர் கன்னம் உப்பி, கண் இடுங்கி, முழு மூச்சையும் கொடுத்து ஊதுகிறார், அடுப்பு ஊதுகிற மாதிரி ஒரு சீறல்தான் வருகிறது. உதட்டோரத்தில் ரத்தம். ஆடியவர்களில் சிலர் நின்றார்கள். அவர் டிரம்பெட்டை வாயில் சற்று நகர்த்தி மறுபடி முயன்றார். மறுபடியும் காற்று. எங்கள் மடியில் கருவிகள் இருந்தன. தொரைசானியின் இரண்டு கையும் அந்தரத்தில் இருந்தன. அவர் எங்களைப் பார்த்தாரா, தொரையைப் பார்த்தாரா என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹாலில் அத்தனை பேர் நடுவில் தொரை ஒத்தையாக நின்றார். நாங்கள் எண்ணினோம். ஏழில் கருவி வாய்க்கு வந்தது. எட்டு முடிந்ததும் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்தோம். ஒத்திகை முழுக்க அவ்வளவு சுத்தமாக நாங்கள் சேர்ந்ததே இல்லை.

சில பேர் அதை வேடிக்கைக்குச் செய்தது என்று நினைத்துக்கொண்டு சிரித்தார்கள். தொரை டிரம்பெட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டு முடியும்வரை அங்கேயே நின்றார். பிறகு தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியே போனார். மீதிப் பாட்டுகளை நான் எடுத்து வாசித்தேன். ஆட்டம் நிற்கவில்லை.

கேக் வெட்டுகிற நேரத்தில் அவரைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனேன். தண்ணீர்க் குழாயின் அருகில் குந்தி உட்கார்ந்து வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சிமெண்டுத் தரையில் கைக்குட்டை, அதில் ஒரு பல். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் மேன், நீ ஏன் வாசிக்கல?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இன்னா தொரை பேசறீங்க? வாசிக்காதே வாசிக்காதேன்னு கார்த்திகை பூரா கத்தினது யாரு? தொப்பியத் தூக்கி அடிச்சது யாரு? நீங்கதான?"

"நான்தான்." அவர் இன்னொரு தரம் கொப்பளித்துத் துப்பினார். "சொன்னேன். ஆனா நீங்க கேக்கவே மாட்டீங்கன்னு நெனைச்சுக்கினு இருந்தேன். எனக்கு மூச்சு போச்சுன்னா எப்படியும் நடுவுல வந்துடுவீங்கன்னு. டிரம்மு வந்துடுவாரு, நீ வந்துடுவ. அந்த தைரியத்துலதான் மேன் ரெண்டாம் தரம் கையத் தூக்கினேன். இல்லன்னா தூக்கியே இருக்க மாட்டேன். மொதல் தரத்துலயே பல்லு உள்ள சாஞ்சுடுச்சி."

குழாயை மூடினேன். சொட்டிக்கொண்டே இருந்தது. அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். ஆள் கனமாக இருந்தார். உள்ளே யாரோ அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சட்டையைச் சரிசெய்துகொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

சாயங்காலம் ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் எங்கள் வண்டிக்குக் காத்திருந்தோம். மாஸ்டர் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தார். டிரம்மு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கை கொடுத்தார்.

"பின்னால போனியே, தொரை இன்னா சொன்னாரு?"

"நல்லா நிறுத்தினோம்னு சொன்னாரு" என்றேன்.

டிரம்முவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அந்த மாதிரி அவரை நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அவரு வெறும் காத்து ஊதிக்கினு இருந்தாரு பாரு, அப்ப என் கையில குச்சி வந்துடுச்சிய்யா. ஒரு உருட்டு உருட்டியிருப்பேன். அப்புறம் நானே மனச அடக்கிக்கினு திரும்ப அக்குள்ள வெச்சுக்கினேன். அந்த மனுஷன் அவ்ளோ ஆசையா கேட்டாரே, கெடுத்துடக் கூடாதுன்னு."

"பாத்தேன்" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமல். "சபாஷ்."

டிரம்மு தலையைக் குனிந்துகொண்டு கடலைத் தோலை ஊதினார்.